பாவத்திலிருந்து விடுதலை: கிருபை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு மாலை வேதபாட வகுப்பை நான் எடுக்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. வகுப்பில் யாரும் அதிகம் கேட்க மாட்டார்கள். முடிந்தபிறகு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்பார்கள். அப்படி வாசலில் கேட்கப்பட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். முக்கால்வாசிக் கேள்விகள் ஒன்றைச் சுற்றியே வரும்: கடவுள் என்னை மன்னித்துவிட்டார் என்றால் நான் ஏன் இன்னும் இப்படி இருக்கிறேன்? வசனங்கள் பழைய புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பில் இருக்கும். எனக்கு மனப்பாடமானது அதுதான். கத்தோலிக்க நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாவம் என்றால் சரியாக என்ன? கொலை, திருட்டு, விபசாரம் எதுவும் நான் செய்ததில்லையே?

நியாயாதிபதிகள் புத்தகம் 20ஆம் அதிகாரத்தில் பென்யமீன் கோத்திரத்தார் 700 பேர் வருகிறார்கள். எல்லாரும் இடதுகைக்காரர்கள். கவணில் கல் வைத்து எறிந்தால் ஒரு மயிரிழைகூடத் தப்பாது. அந்த இடத்தில் 'தப்பாது' என்பதற்கு எபிரெய மூலத்தில் உள்ள வினைச்சொல்தான் வேறு இடங்களில் 'பாவம் செய்தான்' என்பதற்கும் வருகிறது. பாவம் என்றால் அப்படிக் குறி தவறுவது: குறி ஒன்று இருந்தது, கல் அதில் படவில்லை. யார் மண்டையிலும் படாமல் போயிருக்கலாம். ஆனாலும் குறி தவறியது தவறியதுதான். குறி எது? கடவுளை முழு மனதோடும், அயலானைத் தன்னைப்போலவும் நேசிப்பது. இதை வைத்துப் பார்த்தால் கொலை செய்யாதவனுக்கும் கணக்கு சரியாக வராது.

இன்னொன்றும் இருக்கிறது. பவுல் ரோமருக்கு எழுதும்போது பெரும்பாலும் 'பாவங்கள்' என்று பன்மையில் பேசுவதில்லை, 'பாவம்' என்று ஒருமையில் பேசுகிறார். அதுவும் ஒரு முதலாளியைப் பற்றிப் பேசுவதுபோல. பாவம் ஆளுகிறது, ஏமாற்றுகிறது, சம்பளம் கொடுக்கிறது. செய்த தப்புகளின் பட்டியலுக்கு மன்னிப்பு போதும். முதலாளியின் பிடியில் இருப்பவனுக்கு மன்னிப்போடு விடுதலையும் வேண்டும். வாசலில் வரும் கேள்விகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால் வருகிறது.

நாங்கள் 'கிருபை' என்கிறோம், கத்தோலிக்கர் 'அருள்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். இரண்டும் மொழிபெயர்ப்பது 'காரிஸ்' என்ற ஒரே கிரேக்கச் சொல்லைத்தான். தகுதி பார்க்காமல், கொடுப்பவருடைய மனதிலிருந்தே வரும் தயவு. எனக்கு 'அருள்' இன்னும் தமிழாக ஒலிக்கிறது என்றாலும், ஜெபத்தில் வாயில் வருவது கிருபைதான். பாட்டி சொல்லிக் கேட்ட வார்த்தை சுலபத்தில் போகாது.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் எடுப்பது ரோமர் 6:23. "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்." நம் ஊரில் சுவர்களில் எழுதும்போது பாதி வசனத்தோடு பெயிண்ட் தீர்ந்துவிடுகிறது, மரணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முழுசாக வாசித்தால் எதிரெதிராக நிற்பவை சம்பளமும் வரமும். 'சம்பளம்' என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ரோமப் போர்வீரனுக்குக் கொடுத்த படிக்காசு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வாங்கக் கொடுத்த காசு என்பது அதன் வேர்ப்பொருள். சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும் சேர்ந்ததுதான் சம்பளம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் அதை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எனக்கு அந்தப் பொருத்தம் பிடிக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சம்பளம் வேலை செய்ததற்கு வருவது, கேட்டு வாங்கலாம். வரத்தைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இல்லை. பாவம் கணக்கு பார்த்து மாதக் கடைசியில் கொடுத்துவிடுகிறது. கடவுள் கணக்கே பார்க்காமல் கொடுக்கிறார்.

'மீட்பு' என்று ஏன் சொல்கிறோம்?

எங்கள் வீட்டில் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி வருஷத்தில் எட்டு மாதம் அடகுக் கடையில்தான் இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் போகும், அறுவடை முடிந்தால் வரும். ஒரு வருஷம் வட்டி ஏறி மூழ்கிப்போகும் நிலைமை. தாய்மாமா சொல்லாமல் கொள்ளாமல் போய் அசலும் வட்டியும் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு, சங்கிலியை ஒரு சின்ன ரோஸ் காகிதப் பொட்டலத்தில் கொண்டுவந்து அம்மா கையில் வைத்தார். அம்மா முதலில் கேட்டது, "எவ்வளவுண்ணே ஆச்சு?" மாமா தொகையைக் கடைசிவரை சொல்லவே இல்லை. அம்மாவுக்கு அது பல வருஷம் உறுத்திக்கொண்டே இருந்தது. நகையை மீட்பது என்று நாம் அன்றாடம் சொல்லும் அதே வார்த்தைதான் இது. கைவிட்டுப்போன சொந்தப் பொருளை, விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது.

பவுல் காலத்துக் காதில் இந்த வார்த்தை அடிமைச் சந்தையை ஞாபகப்படுத்தும். கிரேக்க நாட்டில் தெல்பி என்ற ஊரில் அப்போலோ கோயில் இருக்கிறது. அங்கே சுவர்க் கற்களில் அடிமை விடுதலைப் பத்திரங்களை வரிசையாக வெட்டிவைத்திருக்கிறார்கள், ஆயிரத்துக்கும் மேல். முறை இதுதான்: அடிமை தன் சேமிப்பைக் கோயிலில் கொடுக்க வேண்டும், எஜமான் அவனை அப்போலோ தெய்வத்துக்கு விற்றதாகப் பத்திரம் எழுதுவார், அதன்பிறகு மனிதர் யாரும் அவனை உரிமை கொண்டாட முடியாது. ஆனால் பல கற்களில் ஒரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது: எஜமான் சாகிறவரைக்கும் அவரோடேயே இருந்து சொன்ன வேலையைச் செய்ய வேண்டும்.

இந்தப் பத்திரத்தையும் சுவிசேஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெல்பியில் விலை அடிமையின் சொந்தக் காசு, தெய்வம் பேருக்கு வாங்கியவர். சுவிசேஷத்தில் விலை கொடுத்தவர் கிறிஸ்து, கொடுத்தது தம் உயிரை. பழைய முதலாளியோடு இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போ என்ற நிபந்தனையும் இல்லை. நம்மில் பலர் நிபந்தனை இருப்பதுபோலவே வாழ்கிறோம் என்பது வேறு விஷயம்.

இலவசம் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. நம் பங்குக்கு ஒன்றுமே வேண்டாமா?

அம்மா கேட்ட "எவ்வளவுண்ணே ஆச்சு?" தான் இதுவும். கொடுத்ததைச் சும்மா வாங்கிக்கொள்ள நமக்கு வராது. கல்யாண மொய் நோட்டில்கூட யார் எவ்வளவு என்று எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதையே திருப்பிச் செய்கிற ஆட்கள் நாம்.

பத்துக் கட்டளைகள் எப்படி ஆரம்பிக்கின்றன என்று வகுப்பில் கேட்டால், "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது: அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினவர் நானே. யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் கடலைக் கடப்பது 14ஆம் அதிகாரத்தில், கட்டளை வருவது 20இல். முதலில் கட்டளையைக் கொடுத்து, நாற்பது வருஷம் ஒழுங்காக நடந்தால் கடலைப் பிளக்கிறேன் என்று கடவுள் சொல்லவில்லை.

லூக்கா 15இல் வீட்டைவிட்டுப் போன இளைய மகன், பன்றிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அப்பாவிடம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்கிறான். பாவம் செய்தேன், மகன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். மூன்று பகுதி. வீட்டுக்கு வந்தபிறகு அவன் பேசியதைத் தனியாக எடுத்து வாசியுங்கள். முதல் இரண்டும் இருக்கின்றன, மூன்றாவது இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு வஸ்திரம், மோதிரம் என்று அடுக்க ஆரம்பித்துவிட்டார். கூலிக்குச் சேரும் பேச்சையே எடுக்க விடவில்லை.

மூத்தவன் விஷயம் இதைவிடச் சோகம். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்கிறான். மூலத்தில் அது அடிமை வேலை செய்வதற்கான சொல். வீட்டில் மகனாக இருந்துகொண்டே மனதுக்குள் அடிமையாக இருந்திருக்கிறான், ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லை என்று கணக்கும் வைத்திருக்கிறான். சபைக்குத் தவறாமல் வருகிற என்னைப் போன்றவர்களுக்கு இவன்தான் நெருங்கிய சொந்தக்காரன்.

அப்படியானால் நம் பங்கு என்ன? வாங்கிக்கொள்வது. எபேசியர் 2:8 "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்கிறது. விசுவாசம் என்பது நீட்டிய கை, அதுவே விலையாகிவிடாது. தமிழ்நாட்டில் இந்த விவாதம் புதிதில்லை. வைணவத்தில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையே, குரங்குக் குட்டி தாயைப் பிடித்துக்கொள்வதுபோலவா, பூனைக்குட்டியைத் தாய் வாயில் கவ்விக்கொண்டு போவதுபோலவா என்று நூற்றாண்டுக் கணக்கில் பேசியிருக்கிறார்கள். அது அவர்களுடைய சமய வாதம், அதை அப்படியே எடுத்து இதில் ஒட்டக் கூடாது. ஆனாலும் பூனைக்குட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இளைய மகன் ஞாபகம் வருகிறான்.

எப்படியும் மன்னிப்பு உண்டென்றால், பாவம் செய்துகொண்டே இருக்கலாமே?

இந்தக் கேள்வி வராவிட்டால்தான் கிருபையைச் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். பவுலிடமே கேட்டிருக்கிறார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்போமா? கூடாதே" என்று ரோமர் 6 ஆரம்பிக்கிறது. அவர் சொல்லும் காரணம் 'அடி விழும்' என்பதல்ல. நீ செத்துப்போனாய் என்கிறார். பழைய முதலாளியைப் பொறுத்தவரை ஞானஸ்நானத்தில் உன்னை அடக்கம் செய்தாகிவிட்டது. செத்தவனிடம் யாரும் வேலை வாங்க முடியாது. மாமா மீட்டுக்கொடுத்த சங்கிலியை அம்மா மறுநாளே கொண்டுபோய்த் திரும்பவும் அடகு வைத்திருக்கலாம், சட்டத்தில் தடையில்லை. வைக்க மனது வந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

ஞானஸ்நானம் எடுத்து இருபது வருஷம் ஆகிறது. அதே கோபம், அதே கெட்ட பழக்கம். நான் உண்மையிலேயே விடுதலையானவனா?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயர் 1725இல் பிறந்தவர். 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். அவரைப் பற்றிப் பிரசங்கங்களில் சொல்லும் கதை இப்படி இருக்கும்: அடிமை வியாபாரக் கப்பலில் இருந்தார், புயல் வந்தது, கடவுளைக் கூப்பிட்டார், மனம் திரும்பினார், அடிமை வியாபாரத்தை விட்டார், பாட்டு எழுதினார். அழகான கதை. நடந்தது அப்படி இல்லை.

புயல் அடித்தது 1748 மார்ச்சில். அப்போது அவருக்கு 22 வயது. கப்பல் உடைந்து தண்ணீர் ஏற, மணிக்கணக்கில் பம்ப் அடித்துக்கொண்டே இரக்கத்துக்காக வேண்டினார். அந்த நாளைச் சாகும்வரை நினைவுநாளாக அனுசரித்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலில் துணை அதிகாரியாகப் போனார். அதற்கும் பிறகு, 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அவரே கேப்டன். மேல்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்துவார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மனிதர்கள் விலங்கோடு அடுக்கிக் கிடப்பார்கள். 1754இல் கடலை விட்டதுகூட மனசாட்சியால் அல்ல, உடம்பு சரியில்லாமல் போனதால். 1764இல் குருவானவரானார். அந்தப் பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாக ஒரு சிறு புத்தகம் எழுதியது 1788இல். புயலிலிருந்து எண்ணினால் நாற்பது வருஷம். தன் அறிக்கை மிகவும் தாமதமாக வருகிறது என்று அதிலேயே ஒத்துக்கொண்டார். பாராளுமன்றத்தில் அந்த வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்கு ஆலோசகராக நின்றார், சாட்சியும் சொன்னார். 1807 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது, அதே வருஷம் டிசம்பரில் நியூட்டன் இறந்தார்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு அண்ணன், "அப்போ அவர் 1748இல் மனம் திரும்பவே இல்லை என்று சொல்லுங்க" என்றார். இன்னொருவர், "பார்த்தீங்களா, நாற்பது வருஷம் ஆகும், நாமும் மெதுவா மாறலாம்" என்றார். இரண்டு பேரையும் எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதலாமவருக்கு: அன்று பிடித்த கைதான் அவரை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாமவருக்கு: அந்த நாற்பது வருஷத்தின் விலையைக் கட்டியது நியூட்டன் இல்லை. கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவர்கள் கட்டினார்கள். நம் கோபம் மெதுவாக மாறுகிறது என்றால் அந்தத் தாமதத்துக்கு வட்டி கட்டுவது வீட்டில் இருக்கிற மனைவியும் பிள்ளைகளும்.

பழைய வாழ்க்கைமேல் ஆசை திரும்பத் திரும்ப வருவதும் வேதத்துக்குப் புதிதில்லை. எகிப்தை விட்டு வந்த ஜனங்கள் வனாந்தரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே பட்டியல் போடுகிறார்கள் (எண்ணாகமம் 11:5): மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெண்காயம், வெள்ளைப்பூண்டு. எல்லாம் "கிரயமில்லாமல்" சாப்பிட்டோமாம்! செங்கல் சூளையில் முதுகு ஒடிந்தது மறந்துவிட்டது, வெள்ளரிக்காய் மட்டும் நினைவில் நிற்கிறது. ஆனால் அப்படி அழுதபோதும் அவர்கள் உட்கார்ந்திருந்தது எகிப்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பவுலும் "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமர் 7இல் புலம்புகிறார். அது அவருடைய பழைய வாழ்க்கையா, விசுவாசியான பிறகா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குப் படுவது, உங்களுக்கு அந்தப் பழக்கம் உறுத்துகிறதே, அதுவே முதலாளி மாறிவிட்டதற்கு அடையாளம். முன்பு உறுத்தவில்லை, இல்லையா?

குடியை விட முடியவில்லை. ஜெபித்தும் போகவில்லை. விசுவாசக் குறைவா?

குடி ஒரு கட்டத்துக்கு மேல் நோய். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவரிடம் விசுவாசம் இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. பல வருஷம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் உபவாசக் கூட்டத்தில் உட்காரவைத்து அப்படியே விடவைக்கிறோம் என்று யாரும் முயற்சி செய்ய வேண்டாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். கிருபை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிடுவதில்லை. அப்புறம், வெட்கத்தில் சபைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். வந்த அன்று மணம் அடித்தாலும் பரவாயில்லை, என் பக்கத்தில் உட்காருங்கள்.

மன்னிப்பு கிடைத்தால் செய்ததன் விளைவும் போய்விடுமா? செய்த வினையை அனுபவித்துத்தானே தீரணும் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார்.

அக்கா கேட்பது நியாயமான கேள்வி. மன்னிப்பு கடவுளோடு உள்ள உறவைச் சரியாக்குகிறது. உடைந்த கண்ணாடியை ஒட்டவைப்பதில்லை. பிறன் மனைவியை எடுத்து, அவள் கணவனைச் சாகவைத்த தாவீது ராஜா மன்னிக்கப்பட்டார், ஆனாலும் அவர் வீட்டில் விளைவுகள் தொடர்ந்தன. வண்டியைக் குடித்துவிட்டு ஓட்டி ஒருவரை இடித்தவர் மனம் திரும்பினால் பரலோகத்தில் சந்தோஷம். கோர்ட்டில் வழக்கு நடக்கும், நடக்கவும் வேண்டும்.

வரி வசூலிக்கும் சகேயு என்ன செய்தான்? இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றதும், ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப என்று சொல்கிறான். கவனியுங்கள், காசைத் திருப்பிக் கொடுத்தால்தான் உன் வீட்டுக்கு வருவேன் என்று இயேசு நிபந்தனை போடவில்லை. ஆனால் அவர் வந்தபிறகு காசு அவன் கையில் நிற்கவில்லை.

இதையொட்டி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வீட்டில் அடிக்கிற கணவனோ, பிள்ளைகளிடம் தவறாக நடந்தவரோ, "ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே" என்று சொன்னால் அது கிருபையைக் கேடயமாகப் பிடிப்பது. பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கலாம், விலகி இருக்கலாம். அதற்காக அவர் மன்னிக்காதவர் என்று எந்த ஊழியரும் குற்றம் சாட்டக் கூடாது. இப்படி 'குடும்ப சமாதானம்' பேசி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அப்போது வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

முன்னோர் செய்த பாவத்தின் சாபம் எங்கள் குடும்பத்தில் இருப்பதாக ஒரு ஊழியர் சொன்னார். அதை முறிக்கத் தனி ஜெபம் வேண்டுமா?

வேண்டாம். "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் ஒரு பழமொழி இருந்தது. எசேக்கியேல் 18இல் கடவுள் அந்தப் பழமொழியையே தடை செய்கிறார். பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும் என்கிறார். அப்பா குடித்தால் பிள்ளை பாதிக்கப்படும், அது உண்மை. பழக்கங்களும் நோய்களும் கடன்களும் குடும்பத்தில் இறங்கி வரும். ஆனால் தாத்தா செய்ததற்காகக் கடவுள் உங்கள் மகள் கல்யாணத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது எசேக்கியேலுக்குத் தெரியாத கடவுள். சாபம் முறிக்கக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

காணிக்கை, பொருத்தனை, நாற்பது நாள் உபவாசம் இருந்தால் மன்னிப்பு சீக்கிரம் கிடைக்குமா?

கிடைக்காது. நன்றிக்காகச் செய்யுங்கள், ஜெபத்தில் மனம் நிலைக்கச் செய்யுங்கள், நல்லது. வாங்குவதற்காகச் செய்தால் அது சம்பளக் கணக்கு. பணம் கொடுத்து ஆவியின் வரத்தை வாங்க வந்த சீமோனைப் பேதுரு என்ன பேச்சுப் பேசினார் என்று அப்போஸ்தலர் 8இல் பாருங்கள்.

நான் மன்னிக்க முடியாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இளவயதுப் பிள்ளைகள், தூங்காத கண்களோடு வருவார்கள். மாற்கு 3ஐ முழுசாக வாசியுங்கள். இயேசு பிசாசைத் துரத்துவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, இவன் பிசாசுகளின் தலைவனாலே துரத்துகிறான் என்று எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் சொன்னார்கள். 'அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான்' என்று அவர்கள் சொன்னதால்தான் இயேசு அப்படிச் சொன்னார் என்று மாற்கு காரணத்தையும் எழுதிவைத்திருக்கிறார். வெளிச்சத்தைப் பார்த்துத் தெரிந்தே இருட்டு என்று சாதிக்கிற பிடிவாதம் அது. மனதில் தானாக ஓடுகிற கெட்ட எண்ணம் அது அல்ல. அந்த எண்ணம் நாளெல்லாம் நிற்காமல் சுற்றி, கை கழுவுவதுபோல மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்கவைத்தால், மனநல மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். இப்படிப்பட்ட எண்ணச் சுழலுக்குச் சிகிச்சை இருக்கிறது.

கத்தோலிக்கர் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். நாம் நேராகக் கடவுளிடம் கேட்கிறோம். யார் சரி?

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தை ஆரம்பித்த மார்ட்டின் லூத்தர், துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வாராம், முடித்து வெளியே வந்ததும் விட்டுப்போன ஒன்று ஞாபகம் வந்து திரும்பிப் போவாராம். கேட்டுக்கொண்டிருந்த அவருடைய துறவற சபை மேலாளர் ஸ்டாபிட்ஸ் அலுத்துப்போனார். கிருபை பற்றி லூத்தர் கண்டுகொண்டது இந்தச் சோர்விலிருந்துதான். அப்படிப்பட்டவரும் தனிப்பட்ட பாவ அறிக்கையை ஒழிக்கவில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

விசுவாசத்தால் நீதிமானாவது பற்றிய சண்டையில் இரு பக்கமும் நானூறு வருஷத்துக்கு மேல் பிரிந்து நின்றன. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைத்த விசுவாசத்தாலே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். 2006இல் மெத்தடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை, அறிக்கையும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஊர்த் திருவிழாவில் இன்னும் பழைய சண்டையைப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போல.

என் அபிப்பிராயம் கேட்டால்: 1 யோவான் 1:9 நேராகக் கடவுளிடம் போகலாம் என்கிறது. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறது. நாம் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சுகமாக மறந்துவிட்டோம். இன்னொரு மனிதனின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து சொல்வதில் ஒரு விடுதலை இருக்கிறது. வெளியே சொல்லாத ஆளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

கடவுள் மன்னித்தார், நம்புகிறேன். என்னையே என்னால் மன்னிக்க முடியவில்லை.

யோவான் சுவிசேஷத்தில் 'கரிநெருப்பு' இரண்டு இடத்தில் வருகிறது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அந்தச் சொல் இல்லை. முதல் இடம் 18ஆம் அதிகாரம். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றம், குளிர், கரிநெருப்பில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே "நான் அல்ல" என்கிறார். மூன்று தடவை மறுதலிக்கிறார், சேவல் கூவுகிறது. இரண்டாவது இடம் 21ஆம் அதிகாரம். உயிர்த்தெழுந்த இயேசு விடியற்காலையில் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீன் சுட்டுவைத்துக் காத்திருக்கிறார். கரி புகைகிற வாசனை பேதுருவுக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும்?

அந்த ராத்திரியைப் பற்றி இயேசு ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். சாப்பிட்டு முடித்தபிறகு, "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தடவை கேட்கிறார். மூன்றாவது தடவை பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது, வலித்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் வந்தது வேலை: என் ஆடுகளை மேய்ப்பாயாக. பேதுரு தன்னையே மன்னித்துக்கொண்டாரா என்று வேதத்தில் ஒரு வரியும் இல்லை. தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளும் பொறுப்பை அவர் தலையில் யாரும் வைக்கவில்லை. மீன் இருந்தது, அப்பம் இருந்தது, உட்கார்ந்து சாப்பிட்டார்.

மன்னிப்புக் கேட்க எப்படி ஜெபிக்க வேண்டும்? எனக்கு அழகாக ஜெபிக்க வராது.

லூக்கா 18இல் ஒரு ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், தேவாலயத்தில் தூரத்தில் நின்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மார்பில் அடித்துக்கொண்டு ஜெபித்தான். அவன் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான் என்கிறார் இயேசு. அந்த ஜெபம் தமிழில் நாலே வார்த்தை, பஸ்ஸில் நின்றுகொண்டும் சொல்லலாம்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்."